சவ்வைத் தாண்டிய செல்கள்

“மாநாட்டுல நான்தான் பேசுவேன், சார்.”

பெரியவர்களிடம் எதையும் வாய்விட்டுக் கேட்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னதை அன்றைக்குக் காற்றில் விட்டேன். கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்கள் சவ்வைத் துளைத்துப் பரவ எந்தப் புரதம் உதவுகிறது என்று கண்டுபிடித்தவள் நான். அதை முடக்கியதும் அவை நகராமல் நின்றதை முதலில் பார்த்தவளும் நான்.

பேராசிரியர் சிரித்தார். “நீ நல்லா உழைக்கிறேம்மா. உன் ஜூனியர் இருக்காளே, அவ நல்லா பேசுறா. வீட்ல எல்லாருமே டாக்டருங்க, எவன் கேள்வி கேட்டாலும் அசரமாட்டா.”

பக்கத்து மேசைக்காரி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள். “கோச்சுக்காதீங்கக்கா. மேடையில உங்களுக்கு நன்றி சொல்லிடறேன்.”

எனக்கு ஒருநாளும் வராத, கூச்சமே அறியாத குரல். அவளே தொடர்ந்தாள்.

“அப்படியே என் சவ்வையும் துடைச்சுக் குடுத்துடுங்களேன்.”

செல்கள் துளைத்துப் போகின்றனவா என்று பார்க்கும் சோதனைச் சவ்வு அது; மேல்பக்கம் தங்கிவிட்ட செல்களைத் துடைக்காவிட்டால், அவையும் தாண்டியவையாகக் கணக்கில் விழும். இதுவரை அவளுக்கும் சேர்த்துத் துடைத்தது என் கைதான்.

“நீயே துடைச்சுக்க, தாயி. மேடையில அதைத்தான் கேட்பாங்க.”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

“எங்க போறே?” என்றார் பேராசிரியர்.

“துறைத்தலைவர்கிட்ட. வேற லேப் கேட்க.”

கதவை நானே திறந்துகொண்டு வெளியே நடந்தேன்.