ருனுமி வீட்டு வழக்கம்

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்துக் கல்லறைத் தோட்டத்து மண்டபத்தில் கற்பூரம் கொளுத்தலாமா கூடாதா என்று பரராசசிங்கமும் அடக்கப் பொறுப்பாளர் கீஃபரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவே திறந்த பெட்டிக்குள் ருனுமி கிடந்தாள். பக்கத்தில் அவள் கணவன் சேஷாத்ரி நின்றான். நிறுத்தி வைத்திருந்தார்கள் என்றால் இன்னும் சரி.

"மெழுகுதிரி ஓமாம், கற்பூரம் ஏலாதாம்," என்று திரும்பி வந்தார் பரராசசிங்கம். "புகை வருமாம். இன்னும் கொஞ்சத்தில ஆளையே எரிக்கப் போறாங்கள், கற்பூரப் புகைக்குப் பயப்படுறாங்கள்."

"வாயை மூடுங்கோ," என்றாள் அவர் மனைவி புஷ்பராணி. "பிள்ளை பக்கத்தில நிக்குது."

சேஷாத்ரிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஐந்து நாளாக அப்படித்தான். எண்பத்தேழு பிப்ரவரியின் பனியில், டிராம் தண்டவாளத்தின்மேல் ருனுமியின் சைக்கிள் சறுக்கியது. பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. அவளுக்கு இருபத்தெட்டு வயது. போலீஸ்காரர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சொன்னபோது சேஷாத்ரி கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தான். அழவில்லை. இன்னும் அழவில்லை.

மற்றதெல்லாம் கீழ்வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். பரராசசிங்கமும் புஷ்பராணியும் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அவர் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை பார்த்தார். மின்தகனத்துக்கு ஆன்ட்ராக் என்ற விண்ணப்பம் எழுதியது, கீஃபரிடம் டெர்மின் கேட்டு நாளும் நேரமும் வாங்கியது, வாய்க்கரிசிக்குப் பச்சரிசி தேடியது எல்லாம் அவர்தான். புஷ்பராணி ருனுமிக்குக் கூறைப் புடவை கட்டிவிட்டிருந்தாள்.

"தம்பி, நீங்கள் ஐயங்கார் எண்டாலும் ஒரு தேவாரம் கேட்டாக் குற்றமில்லைத்தானே?" என்றார் பரராசசிங்கம்.

"பாடுங்கோண்ணா," என்றான் சேஷாத்ரி.

அவன் மனதில் ஒரே ஒரு விஷயம்தான் தெளிவாக இருந்தது. அப்பா பேசிவிட்டார். அசாம்காரியைக் கட்டிக்கொண்டதிலிருந்து மாயவரம் வீட்டில் யாரும் அவனோடு பேசுவதில்லை. செய்தி போன அன்று அப்பாவே ஃபோன் செய்தார். "அஸ்தியை எடுத்துண்டு வா. காவேரியில கரைச்சுடலாம். அம்மா உன்னைப் பார்க்கணுங்கறா," என்றார். உயிரோடு இருந்த ருனுமிக்குத் திறக்காத கதவு சாம்பலுக்குத் திறந்தது. அது நியாயமா என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. திறந்த கதவு ஒன்று இருந்தது. அதை நோக்கிப் போனால் போதும்.

தேவாரம் பாதியில் இருக்கும்போது மண்டபத்துக் கதவு திறந்தது. கப்பல்காரர்களின் நீலக் கோட்டும் தோளில் பையுமாக ஓர் இளைஞன் நின்றான். ருனுமியின் தம்பி நொகேன். சரக்குக் கப்பலில் இளநிலை எஞ்சினியர். ஆன்ட்வெர்ப்பில் நின்ற கப்பலிலிருந்து இறங்கி, ரயிலேறி, நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தான். சேஷாத்ரி அவனை ஒரே ஒரு முறை, கல்யாணப் பதிவின்போது, பார்த்திருக்கிறான்.

நொகேன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் கையை வைத்து எடுத்தான். பிறகு சேஷாத்ரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினான். அக்காள் கணவனை அவர்கள் அழைக்கும் பிந்தேவ் என்ற சொல்லைத்தான் முதலில் சொன்னான்.

"பிந்தேவ், வரும் வழியில் எங்கேயும் வெட்டிய குழியைக் காணோமே. எந்தப் பக்கம்?"

"என்ன குழி?"

"அக்காவுக்கு. மூடுவதற்கு முன் உள்ளே கொஞ்சம் சாமான் வைக்கணும்." பையிலிருந்து சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்தான். "அவளே தறியில் நெய்து கொடுத்தது. பாக்கு இருக்கிறது. அரிசி இங்கே கிடைக்குமில்லையா?"

சேஷாத்ரி மண்டபத்தின் கோடியில் இருந்த உள்கதவைக் காட்டினான்.

"குழி இல்லை," என்றான். "தகனம். அந்தக் கதவுக்குப் பின்னால்."

 நொகேன் துண்டைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.  தேவாரம் நின்றது.

"எங்கள் வீட்டில் யாரையும் எரித்ததில்லை," என்றான் நிமிராமல். "எங்கள் அஹோம் இனத்தில் மற்றவர்கள் எரிப்பார்கள். நாங்கள் பைலுங் குலம், பழைய பூசாரிகள். மண்ணில்தான் வைப்போம். என் அப்பாவை வைத்தபோது அக்காதான் முதல் பிடி மண் போட்டாள். உங்களிடம் சொன்னதில்லையா?"

"இல்லை."

"உங்களுக்கு எங்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எழுதுவாளே. அதனால்தான் உங்களுக்கு அனுப்பிய தந்தியில் அம்மா எதையும் சொல்லவில்லை. மண்ணில் வைக்கும்போது நீ கூட இரு என்று எனக்கு மட்டும் சொன்னாள்."

சேஷாத்ரி பெட்டிப் பக்கம் திரும்பினான். ஐந்து நாளில் முதல்முறையாக ருனுமியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

எல்லாம் தெரியும். பம்பாயில் கல்லூரி உணவுக்கூடத்தில் அவளை முதலில் சந்தித்தபோது அப்படித்தான் காட்டிக்கொண்டான். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துப் பாதியில் விட்டவன். அசாம் என்றால் ஒரு முழுப் பக்கம் மனப்பாடம். முதல் அஹோம் அரசன் சுகாபா பட்காய் மலையைத் தாண்டி வந்தது 1228. சராய்காட்டில் முகலாயப் படையை ஆற்றிலேயே முறியடித்தது 1671. பிரம்மபுத்திராவுக்கு நடுவே மாஜுலித் தீவு. சராய்தேவில் அரசர்களைப் புதைத்த மண்மேடுகள், பெயர் மைதாம். பிற்காலத்தில் அஹோம்கள் இந்துக்கள் ஆனார்கள்.

அவள் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். "என் ஊர்க்காரனுக்கே இவ்வளவு தெரியாது. இனி உனக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?"

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் பிறகு நிஜமாகவே சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. புதைக்கப்பட்டவர்கள் அரசர்கள். அவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆயின. எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பவளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று அவனுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"என்னவாம்?" என்றார் பரராசசிங்கம்.

சேஷாத்ரி சொன்னான்.

"அதெப்படித் தம்பி? கலியாணம் கட்டினாப் பிறகு உங்கட முறைதானே? எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு. உங்கட அப்பா வேற சாம்பலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறார். பேசாமல் இருங்கோ, நான் பெடியனோட கதைக்கிறன்."

"நீங்கள் ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம்," என்றாள் புஷ்பராணி. "கேக்க வேண்டியதைக் கேக்காமல் நானும் சீலையைக் கட்டிவிட்டிட்டன். அந்தப் பிள்ளையின்ட தாய்க்கு என்ன சொல்லுறது?"

"எங்கட முறையில செய்தால் பாவமே?"

"எரிச்சாப் பிறகு பிழை எண்டு தெரிஞ்சால் திருப்பித் தர ஏலுமோ உங்களால?"

கீஃபர் அருகில் வந்து கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அடுத்த குடும்பம் வெளியே நிற்கிறது, மூடலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். உதவியாட்கள் இருவர் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டார்கள்.

"இப்போது மாற்ற முடியுமா?" என்று ஜெர்மனில் கேட்டான் சேஷாத்ரி.

"எதை?"

"நெருப்பு வேண்டாம். மண்."

 கீஃபர் நிதானமாகச் சொன்னார். அந்தக் கதவைத் தாண்டும்வரை கணவர் சொல்வதுதான் முடிவு. புதிய ஆன்ட்ராக் வேண்டும். நிலம் உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட நாளாகும். அதுவரை குளிரறையில் இருப்பார். "ஆனால் நிச்சயமாகச் சொல்லுங்கள். பிறகு தோண்டி எடுப்பதெல்லாம் இங்கே நடக்காது. ஊருக்கு எதுவும் கொண்டுபோக முடியாது."

மாயவரத்துக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. வெறுங்கையோடு போனால் அந்தக் கதவு திறக்குமா? திறக்காது. சேஷாத்ரிக்கு அது நன்றாகத் தெரிந்தது. தரையில் இருந்த நொகேன் இன்னும் தலை நிமிரவில்லை.

"நிச்சயம்," என்றான் சேஷாத்ரி.

வாய்க்கரிசி போட வந்தவர்கள் அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

பிற்பகல் வீட்டிலிருந்து மாயவரத்துக்கு ஃபோன் செய்தான். அப்பாவே எடுத்தார்.

"ஆச்சா? எப்போ புறப்படறே?"

"எரிக்கலைப்பா. இங்கேயே மண்ணுல வைக்கப்போறோம். அவா ஆத்து வழக்கம் அது."



"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அவகிட்டயே கேட்கலைப்பா."

"அப்போ அங்கேயே இரு," என்றார் அப்பா. வைத்துவிட்டார்.

சேஷாத்ரி ஃபோனைப் பிடித்தபடி நின்றான். சமையலறை வாசலில் நொகேன் நின்றான். தமிழ் புரியாவிட்டாலும் குரல் புரிந்திருக்கும்.

"உங்கள் அப்பா என்ன சொன்னார்?"

"வர வேண்டாம் என்றார்."

 சேஷாத்ரி நாற்காலியை இழுத்து அவனுக்குப் போட்டான். தானும் எதிரே உட்கார்ந்தான். 

"என்னென்ன செய்யணும் என்று நீ சொல்லு," என்றான். "எனக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் அப்பாவுக்குச் செய்ததிலிருந்து ஆரம்பி."

"முதலில் அவள் தினம் உடுத்தின துணி வேணும், பிந்தேவ். புதுசு இல்லை. கூட வைப்பதற்கு."

ஐந்து நாளாக அவளுடைய அலமாரியை யாரும் திறக்கவில்லை. சேஷாத்ரி எழுந்து போய்த் திறந்தான். மேல்தட்டில் அவளுடைய கம்பளிச் சட்டை மடிக்காமல் கிடந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்தான். பிறகு அங்கேயே, அலமாரிக்குள் தலையை விட்டபடி, அழ ஆரம்பித்தான்.