மூச்சு வாங்கிய இடம்

நியூயார்க்கின் பிராங்க்ஸில் ரயில் பெட்டிகள் மேல் திருட்டுத்தனமாக ஸ்ப்ரே பெயிண்டில் பெயர் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது. நான் வைத்துக்கொண்ட பெயர் 'ஓடெல் ஏழு'; அது ஜன்னல்களையும் தாண்டி, மேம்பாலத்து ரயிலோடு ஊருக்கு மேலே நீலமாக மிதந்து போகும். அதன் மேலேயே வெள்ளி நிறத்தில் தன் பெயரை அடித்தவன் எஃப்ரைன். பெயர் எழுதும் எங்கள் கூட்டத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஒரு வருடம் ஒருவன் பெயரை ஒருவன் அழித்துக்கொண்டே திரிந்தோம்.

எங்கள் இருவரையும் ஒரே மைக் முன்னால் நிறுத்தியவர் மிஸ் வெர்னெல். பூங்காவில் நாங்கள் ராப் பாடியதைக் கேட்டு, தான் வெளியிடும் இசைத்தட்டில் பாடக் கூப்பிட்டவர்.

ஸ்டுடியோவில் பாஸ் கிடார்க்காரரும் டிரம்ஸ்காரரும் ஒரே இசைத்துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சுவர்களே மெல்ல அசைவதுபோல் இருந்தது. பகலா இரவா என்பதுகூட மறந்துபோனது.

ஆனால் பழக்கம் விடுமா? பூங்காவில் ஒருவன் மூச்சு வாங்கினால் அடுத்தவன் மைக்கைப் பிடுங்கிவிடுவான். அந்தப் பயத்தில் இருவரும் இடைவெளியே விடாமல் ஒருவர் வரி மேல் ஒருவர் வரியைக் கொட்டினோம். இரண்டு தடவை பதிவு பாழானது.

"இது என்ன சந்தைக்கடையா?" என்றார் மிஸ் வெர்னெல். "இன்னொரு தடவ சொதப்புனீங்க, ஒருத்தன் குரலோட முடிச்சுக்குவேன்."

"அப்ப இவன் இப்பவே வீட்டுக்குக் கெளம்பட்டும்," என்றான் எஃப்ரைன்.

"போடா, சுவத்துல கோழி கிளறுன மாதிரி எழுதுறவனே!"

ரயிலில் எழுதியதை ஆசிட் ஊற்றிக் கழுவிவிடுவார்கள். இசைத்தட்டில் ஏறிய பெயரை யாராலும் அழிக்க முடியாது. அதில் நான் இருந்தே ஆகவேண்டும். சிறு வயதிலிருந்தே எனக்கு இளைப்பு உண்டு. அது அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது தடவை. தாளம் என்னைத் தூக்கிக்கொண்டது. கால் தரையில் பாவவில்லை. பெயர் சொல்லும் வரி வந்தது.

"யாருன்னு கேட்டா சொல்லு, எம்பேரு..."

நெஞ்சு அடைத்தது. காற்று வரவில்லை.

எஃப்ரைன் மைக்கை நோக்கிச் சாய்ந்தான். எங்கள் வழக்கப்படி அந்த இடம் இனி அவனுடையது. அவன் தன் பெயரைப் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஓடெல் ஏழு!" என்றான், முழுக் குரலில்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, எனக்கு மூச்சு திரும்பும்வரை தாளத்தை வெறுமனே ஓடவிட்டான். என் கண் நிறைந்துவிட்டது.

தட்டில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. கேட்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அன்று அவனுக்கு மூச்சு அடைத்திருந்தால் நான் என் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.