மீனுக்குக் கொடுத்த நிழல்

என் கையில் கத்தி இருப்பதை நபுவாகா பார்த்துவிட்டான்.

வெடித்த உதட்டை நக்கிக்கொண்டே, படகின் ஓரத்தில் கட்டியிருந்த மிதவையைப் பார்த்தான். மறுபடி கத்தியை. நான் பிடியை இறுக்கினேன்.

அபேமாமா தீவிலிருந்து சூரை மீன் பிடிக்கக் கிளம்பிய எங்கள் படகின் எஞ்சின் நடுக்கடலில் செத்துப்போனது. நீரோட்டம் மேற்கே இழுத்தது. தென்னைகளின் தலை மறைந்தது. கைரேடியோ பேட்டரி தீரும்வரை கூப்பிட்டு ஓய்ந்தது. இளநீர் தீரும் தறுவாயில்தான் இது தட்டுப்பட்டது: பெரிய கப்பல்காரர்கள் சூரை வந்து அடையட்டும் என்று கடலில் விட்டுவைக்கும் மூங்கில் தெப்பம். அதோடு, தலையில் சோலார் தகடு பதித்த உருண்டை மிதவை.

எங்கள் தீவில் இப்படி ஒன்று கரை ஒதுங்கினால் கொண்டாட்டம்தான். பிரித்து, தகட்டைக் கூரையில் மாட்டி விளக்கு எரிப்போம். நபுவாகா வீட்டில் பன்றிப் பட்டிக்குக்கூட அப்படி ஒரு விளக்கு உண்டு.

"உள்ள நல்ல பேட்டரி இருக்கும் மாப்ளே. எடுத்து ரேடியோவுல கொடுத்தா பேசிடலாம்," என்றான்.

"தொடாதே மச்சான். அது உசிரோட இருக்கு."

நான் சூரைக் கப்பலில் வலை இழுத்தவன்; அவனுக்கு விளக்கினேன். தனக்குக் கீழே எவ்வளவு மீன் கூடியிருக்கிறது என்பதை அந்த மிதவை ஒலி அனுப்பி அளக்கும்; செயற்கைக்கோள் வழியாகக் கேப்டனின் திரைக்குச் சொல்லும். மீன் கூடினால் கப்பல் தேடி வரும். கூடாவிட்டால் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது.

"அப்போ மீன் வந்தாத்தான் மனுஷன் வருவான்?"

"ஆமா."

"நாம மீனைவிடக் கேவலமா?"

"அவங்க திரையில நாம தெரியவே மாட்டோம் மச்சான்."

அவன் பார்வை கத்தியை விட்டு நகரவில்லை. குரல் மட்டும் மெல்லக் குழைந்தது.

"மாப்ளே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

புபுதி! எங்கள் தீவு வழக்கம் அது: உறவுக்காரன் அப்படி வாய்விட்டுக் கேட்டுவிட்டால் பொருள் அவனுடையது. படகைக் கேட்டாலும் படகு. மறுத்தவன் ஊர் மண்டபத்தில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. அதிலும் இவன் எனக்குத் தன் தங்கையைக் கொடுத்தவன். கேட்டு முடித்தால் கத்தி போகும், கத்தி போனால் மிதவை சாகும், பிறகு நாங்கள்.

"உன் அந்தக் க..."

விரல்களைத் திறந்தேன். கத்தி ஒரு தரம் மின்னி, நீலத்துக்குள் இறங்கிப் போனது.

நபுவாகா துடுப்பை ஓங்கினான். குறி என் மண்டையா, மிதவையா, தெரியவில்லை.

"கையில இல்லாததைக் கேக்க முடியாதுன்னு போட்டுட்டியா, திருட்டுப் பயலே! இனி மீனை எதால அறுப்ப?"

"பல்லால. அடிக்கணும்னா அடி. ஆனா ஒண்ணு சொல்லு மச்சான், ரேடியோ உசிரோட இருந்தப்போ யார் பதில் சொன்னா?"

துடுப்பு அந்தரத்தில் நின்றது. பிறகு தொப்பென்று படகுக்குள் விழுந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

தெப்பத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். அதில் தொங்கவேண்டிய வலை அறுந்து போயிருந்தது. வெறும் மூங்கில். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடிமீன். போதாததற்குத் தகடு முழுக்கப் பறவை எச்சம். சட்டையை நனைத்துத் தேய்த்தேன்.

"என் தங்கச்சி வீட்டுல ஒரு சட்டி கழுவினதில்ல நீ," என்றது முதுகு. "இங்க கப்பல்காரன் சட்டியைத் தேய்க்கிற."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவன் திரும்பி, தலைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தான்.

"நிழல் இல்லாத இடத்துக்கு எந்த மீன் வரும், மாப்ளே?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கு இருந்தது அந்த ஒரே ஒரு நிழல். அவிழ்த்தோம். நங்கூரத்தைக் கனத்துக்குக் கட்டி, தெப்பத்தின் அடியில் தொங்கவிட்டோம்.

அன்றிலிருந்து வெயில் எங்களை உரித்தது. ஒரு மழை படகில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் போனது. அதை நக்கிக் குடித்தோம். பொடிமீன் அடைந்தது. பொடிமீனைத் தேடி வேறு மீன். ஒரு காலையில் தார்ப்பாயைச் சுற்றிக் கடலே கறுத்துக் கிடந்தது. சூரை!

ஆனால் மிதவை பேசுகிறதா? பேசினாலும் கேட்பவன் விழித்திருக்கிறானா? நபுவாகா எழுந்திருப்பதை நிறுத்திவிட்டான். கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது.

கப்பலை முதலில் புகையாகத்தான் பார்த்தேன். பிறகு வெள்ளை மதில். கேப்டன் மேல்தளத்திலிருந்து வேகமாகக் கையசைத்தார். அழுதுகொண்டே நானும் அசைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. மீன் கலையும், விலகிப்போ என்கிறார்!

விலக எஞ்சின் இல்லை. செத்தவன் போல் கிடந்த நபுவாகாவைத் தோளைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். கையசைப்பு நின்றது. ஒரு சிறுபடகு இறங்கியது. எஞ்சினைப் போடாமல் துடுப்பு வலித்தே வந்தார்கள்.

மேல்தளத்தில் தண்ணீர் கொடுத்தார்கள். கேப்டன் எங்களை ஒரு பார்வை பார்த்தார். உடனே திரைக்குத் திரும்பினார். கீழே வலை வட்டமாக இறங்க ஆரம்பித்தது.

நபுவாகா குவளையை வாயருகே பிடித்தபடி அந்த வட்டத்தையே பார்த்தான்.

"நமக்காக வரல."

"தெரியும். நீ குடி, மச்சான்."