சுக்குக் காப்பிக் கடைமேல் ஒரு சிவப்புப் புள்ளி

1

கலையரசன், வயது இருபத்து நான்கு, சொந்த ஊர் திருவண்ணாமலை, இப்போது இருப்பது புனேயில், நாலு பேர் தங்கும் அறையில், போர்வைக்குள்.

(போர்வை எதற்கு என்றால், இந்தக் கதையைப் போனில் பேசியே எழுதுகிறேன், அறைக்காரர்கள் சிரிக்கிறார்கள். ‘நான்’ என்று சொன்னால் வீட்டு வாட்ஸப் குழுவில் அம்மா அழுவாள். ஆகவே ‘அவன்’.)

கதை பிறந்ததே வினோதினி அக்கா போனைப் பட்டென்று வைத்ததால்தான்.

2

தொடக்கம்: பௌர்ணமி நிலா மலைமேல் எழுந்து, மெல்ல

வேண்டாம். நிலாவைப் பார்க்க எவனுக்கு நேரம்?

பௌர்ணமிக் கூட்டம் எங்கே நெரியும் என்று முன்கூட்டியே பார்க்க, அவன் கம்பெனி கம்ப்யூட்டருக்குள் ஒரு திருவண்ணாமலையைக் கட்டியிருக்கிறது. பஸ், ஆட்டோ, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, கிரிவல ஜனம், எல்லாம் புள்ளிகள். நெரிசல் வரும் இடம் சிவப்பாகும். சிவப்பில் இருக்கும் கடைகளை எடுக்கச் சொல்வார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு அறிக்கை போகிறது.

முதலில் தாகமெடுத்த புள்ளிகள் வந்த வழியே திரும்பித் தண்ணீர் குடித்தன. அவனுக்குப் பொறுக்கவில்லை. கிரிவலத்தில் எவன் எதிர்த்திசையில் நடப்பான்? மேலாளர் காரணம் கேட்டார். சாமி என்றான். சாமிக்கு என்ன எண் போடுவது என்றார். ‘திரும்பும் வாய்ப்பு பூஜ்யம்’ என்று இவனே போட்டான்.

ஓடவிட்டால், செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி ஒரே சிவப்பு. அங்கே ஒரு கடை ரோட்டுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. தாண்டினால் திரும்ப முடியாதே என்று எல்லாரும் அங்கேயே நிற்கிறார்கள், பின்னால் வருகிறவர்கள் முட்டுகிறார்கள்.

அது அக்காவின் சுக்குக் காப்பிக் கடை.

3

[அக்காவைக் கொஞ்சம் சாதுவாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.]

“அக்கா, கடைய மூணு அடி உள்ள தள்ளிப் போடேன்.”

“புனேல குந்திக்கினு என் கடைய நகத்துறியா நீ?”

“கூட்டம் நெரியுதுக்கா. யாராச்சும் கீழ வுழுந்தா?”

“உள்ள போட்டா கண்ணுல படாதுடா. தாண்டிப் போனவன் எவன் திரும்பி வருவான்? நான் ஈ ஓட்டவா?”

“அதத்தான்க்கா நானும் கம்ப்யூட்டருக்குச் சொன்னேன்!”

“நல்லா சொன்ன போ. போன வையி, வெல்லம் அடி பிடிக்குது.”

4

முடிவு ஒன்று: பூஜ்யத்தை அழிக்கிறான். புள்ளிகள் திரும்பி நடக்கின்றன, சிவப்பு மறைகிறது, கடை தப்பிக்கிறது. ஆனால் பௌர்ணமியன்று நிஜ ஜனம் திரும்பாது. நெரிசலில் யாரோ ஒரு

ஐயோ, வேண்டாம்.

முடிவு இரண்டு: அறிக்கை அப்படியே போகிறது. கடையைத் தூக்குகிறார்கள். தீபாவளிக்கு இவன் எந்த முகத்தோடு ஊருக்கு

இதுவும் வேண்டாம்.

மூன்றாவது முடிவுக்குக் கடை உள்ளே போக வேண்டும். அங்கேயும் ஆள் வரும் என்று தெரிந்தால்தான் அக்கா நகர்த்துவாள். அந்த ஆளை எந்தக் கம்ப்யூட்டரில் தேடுவது? அக்கா நாலு வரிக்கு மேல் படிக்கமாட்டாள். ஆனால் அதே வீட்டுக் குழுவில் இருக்கும் வேணு மாமா, எது வந்தாலும் படிக்காமலேயே ஊருக்கெல்லாம் ஃபார்வர்ட் செய்வார். அவரைத்தான் நம்பியிருக்கிறேன்.

அப்படி இது கைக்கு வந்தவரே, கிரிவலம் போனால், ஆசிரமம் தாண்டியதும் இடப்பக்கம் கொஞ்சம் உள்ளே பாருங்கள். கடையைத் தாண்டும் முன்பே பாருங்கள். வாங்கினால், ஓரமாக நின்று குடியுங்கள்.