ஊசியின் விலா எலும்புகள்

குடியிருப்புச் சங்கத் தலைவர் எடுத்த படத்தில் ஊசியின் விலா எலும்புகள் பதிமூன்றும் வரிசையாகத் தெரிந்தன. நாய் தூங்கி எழுந்து, முன்னங்கால்களை நீட்டிச் சோம்பல் முறிக்கும் நொடி பார்த்து எடுத்த படம். அந்த நிலையில் எடுத்தால் தலைவருக்கேகூட நாலைந்து எலும்பு தெரியலாம். ஆனால் அவர் குனிந்து பார்த்தவர் அந்தக் கட்டிடத்தில் யாரும் இல்லை. படத்துக்குக் கீழே ‘நம் கண்ணெதிரே ஒரு பட்டினிக் கொடுமை’ என்று எழுதி, கைபேசிக் குழுவில் இருந்த நாற்பத்து மூன்று பேருக்கும், கையோடு நாய்கள் காப்பகத்துக்கும் அனுப்பி வைத்தார்.

ஊசி, தரைத்தளத்துத் தையல்காரியின் நாய். எட்டு மாதம் முன்பு காப்பகத்திலிருந்து அழைத்து வந்தாள். ஓடுவதற்கென்றே பிறந்த இனம். நீண்ட கால், ஆழமான மார்பு, அதற்குப் பின்னால் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. நாள் முழுக்க அவளுடைய மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். அவள் கடைக்குள் வருகிறவர்களில், எதையும் பிரித்துத் தைக்கச் சொல்லாத ஒரே ஜீவன் அதுதான்.

படம் போன மூன்றாம் நாள் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. பராமரிப்பு சரியில்லை என்றால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை தங்களுக்கு உண்டு. பதினாறு நாள் கழித்து டாக்டர் நேரில் வந்து பார்ப்பார். வேனும் உடன் வரும். பஸ் ஓட்டுகிற அவள் தம்பி கடைசி வரியை இரண்டு தடவை படித்துக் காட்டினான்.

“அக்கா, பார்க்க வர்றதுக்கு வேன் எதுக்கு?”

அவள் கடிதத்தை வாங்கி, அதே வரியைத் தானும் ஒருமுறை படித்தாள்.

நாய் ஒல்லியாக இருப்பது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. அழைத்து வந்த அன்றே காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள், இது இப்படித்தான் இருக்கும் என்று. எட்டு மாதமாக அவள் கையும் அதையேதான் சொன்னது. ஆனால் நாற்பத்து மூன்று பேர் ஒரே குரலில் ‘ஐயோ பாவம்’ என்றால், சொந்தக் கை சொல்வதும் சந்தேகமாகிவிடுகிறது. மறுநாளே தட்டில் சோறு இரட்டிப்பானது. அதற்கடுத்த நாள் கோழி. பிறகு சோற்றின் மேல் ஒரு கரண்டி வெண்ணெய்.

கட்டிடமும் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் மாடிக்காரி ரொட்டியைப் போட்டாள். தபால்காரர் பையில் கடிதத்தைவிட பிஸ்கட் அதிகமானது. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் அந்த நாயைக் காப்பாற்றுவதாக நம்பினார். ஊசி அந்த நம்பிக்கை எதையும் குலைக்கவில்லை. எல்லா வீட்டு வாசலிலும் அன்றுதான் முதன்முதலாகச் சாப்பாட்டைப் பார்ப்பதுபோல் நின்றது.

பத்து நாளில் அதற்குப் பேதியானது. படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கியது. வாரம் ஒருமுறை மைதானத்தில் அம்பு மாதிரி போகும் நாய், பாதி தூரத்தில் உட்கார்ந்து, யாராவது ஆட்டோ பிடிப்பார்களா என்று பார்த்தது. அப்போதும் அவள் தட்டைக் குறைக்கவில்லை. காரணம், ஒவ்வொரு நாள் காலையிலும் அதன் பக்கவாட்டைப் பார்த்தால் கடைசி இரண்டு எலும்புகள் இன்னும் மங்கலாகத் தெரிந்தன.

டாக்டர் வருவதற்கு முந்தைய நாள் தம்பி பொறுக்க முடியாமல், எலும்பு அப்படியேதானே இருக்கிறது, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டான். அவள் அவனைப் பார்க்காமல் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அவள் செய்வது அதைத்தானே? தொப்பையை மறைப்பது, கூனலை மறைப்பது, ஒரு பக்கம் இறங்கிய தோளுக்குப் பஞ்சு வைத்துத் தூக்குவது. உடம்பில் இருப்பது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் ஊரே அவளைத் தேடி வருகிறது. மாலைக்குள் ஊசிக்கு ஒரு மேலங்கி தயாரானது. விலாப் பக்கம் ஸ்பாஞ்சு, அதன் மேல் நல்ல கெட்டித் துணி, வயிற்றடியில் மூன்று பித்தான். போட்டுவிட்டதும் நாய், தொடை மட்டும் ஒல்லியான ஒரு சோஃபா மாதிரி நின்றது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேன் வந்தது. ஓட்டுநர் இறங்கிப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றார். உள்ளே ஒரு காலிக் கூண்டு. டாக்டர் முப்பது வயதுப் பெண். அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி இருப்பது நடையிலேயே தெரிந்தது. தலைவர் அவருக்கு முன்பே, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு கோப்புமாகக் கடைக்குள் ஆஜர். முப்பது வருடம் நிர்வாகம் பார்த்தவர் என்பதை யாரும் கேட்காமலே தெரிவித்தார். எதை நிர்வகித்தார் என்று டாக்டரும் கேட்கவில்லை.

டாக்டர் நாயைப் பார்த்தார். வெளியே வெயிலைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“குளிருக்கு,” என்றாள் தையல்காரி. சொல்லும்போதே அவள் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கியது.

“கழட்டுங்க.”

மூன்று பித்தானைக் கழற்ற அவள் விரல்களுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று அவளே நினைத்ததில்லை. அங்கி தரையில் விழுந்து, விழுந்த பிறகும் நாயின் வடிவத்திலேயே நின்றது. தலைவர் அதைக் காலால் தட்டிப் பார்த்து, ஆதாரத்தை மறைக்கும் முயற்சி என்று கோப்பில் குறித்துக்கொண்டார்.

டாக்டர் மண்டியிட்டு இரண்டு கையையும் நாயின் விலாவில் வைத்தார். முன்னிருந்து பின்னாக, அழுத்தாமல் நகர்த்தினார். முதுகெலும்பைத் தடவினார். இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் தொடைச் சதையைப் பிடித்துப் பார்த்தார். எழுந்து மேலிருந்து பார்த்தார், பக்கத்திலிருந்து பார்த்தார். வேனிலிருந்து எடை மெஷின் வந்தது. இருபத்தேழரை கிலோ.

“நாங்க கொடுத்தப்போ இருபத்தஞ்சு அறுநூறு,” என்றார் டாக்டர். “எப்போ ஏறிச்சு? எட்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமாவா, இல்ல இப்பவா?”

மெஷின் மேசையின் இழுப்பறையில் அளவு நோட்டு இருந்தது. வாடிக்கையாளர்களோடு ஊசிக்கும் அதில் ஒரு பக்கம். சனிக்கிழமை கடை மூடுமுன், தொழில் பழக்கத்தில், அதற்கும் டேப் பிடிப்பாள். இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளாத ஒருவரை அளப்பதில் ஒரு நிம்மதி. அந்த நோட்டைக் காட்டினால் பட்டினி போடவில்லை என்பது தெரியும். ஆள் வருவதற்காகத் திணித்தாள் என்பதும் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியது என்று சொல்லிவிடலாம். கூண்டைப் பார்த்தாள். நோட்டை எடுத்து நீட்டினாள்.

முப்பது சனிக்கிழமைக்கு மேல் இடுப்பு பத்தொன்பதரை அங்குலம். பிறகு இருபது. பிறகு இருபத்தொன்று.

“நான்தான் போட்டேன்,” என்றாள். “எலும்பு தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு.”

“எலும்பு தெரியணும்மா இதுக்கு. கடைசி ரெண்டு மூணு நல்லாத் தெரிஞ்சாதான் சரி.”

அந்த இடத்தில் தலைவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் பெருமை வேறொருவருக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள் இல்லை அவர். இந்த முன்னேற்றத்தில் தன் பங்கு பதிவாக வேண்டும் என்றார். கடந்த இரண்டு வாரமாக, தினம் காலையில், சொந்தச் செலவில், இரண்டு முட்டை.

“அப்படியா?” என்றார் டாக்டர். “கையை நீட்டுங்க சார். முஷ்டி பிடிங்க. இப்ப மத்த கை விரலால அந்த விரல் முட்டிங்க மேல தடவுங்க. விலா இப்படி இருந்தா நாய் பட்டினி. கையை விரிங்க, புறங்கையைத் தடவுங்க. இப்படி இருந்தா சரியா இருக்கு. திருப்பி உள்ளங்கையைத் தடவுங்க. இப்படி இருந்தா கொழுப்பு. சரி, இப்போ நாயைத் தொட்டுப் பாருங்க.”

தலைவர் ஓர் அடி பின்வாங்கினார். இத்தனை நாளும் முட்டையைப் படிக்கட்டிலிருந்தே வீசியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நாயின் நிலைமை பற்றி நாற்பத்து மூன்று பேருக்கு எழுதியவர், ஒற்றை விரலை, அடுப்பைத் தொடுவது மாதிரி, அதன் விலாவில் வைத்தார்.

“எது மாதிரி இருக்கு சார்?”

“உள்... உள்ளங்கை.”

“அதையும் கோப்புல எழுதிக்கோங்க.”

தம்பி சிரிக்க வாயெடுத்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். டாக்டர் இன்னும் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கூண்டின் கதவு இன்னும் திறந்தேதான் இருந்தது.

“இந்தக் கால் இவ்வளவு எடையைச் சுமக்கப் பிறந்த காலில்லை,” என்றார் கடைசியில், தையல்காரியிடம் மட்டும். “ஆறு வாரம் தர்றேன். மெதுவா இறக்கணும், ஒரேயடியா பட்டினி போடக் கூடாது. காலையில ஒரு கப், சாயங்காலம் ஒரு கப், அளந்து. வேற யாரு கையாலயும் ஒரு பருக்கை போகக் கூடாது. இருபத்தாறுக்கு மேல இருந்தா நான் கூட்டிட்டுப் போயிடுவேன். பாசத்துல கொடுத்துட்டேன்னு சொன்னா காதுல வாங்க மாட்டேன்.”

கண்காணிப்புக்கு ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைக்கலாமே என்றார் தலைவர். வேன் புறப்படும் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. மதியத்துக்குள் ‘நமது தக்க தருணத் தலையீட்டால் நாய் ஆரோக்கியம்’ என்று குழுவில் செய்தி வந்தது. ‘யாரும் எதுவும் போடாதீர்கள்’ என்ற வரி அதில் இல்லை. தையல்காரி நாலு மாடியும் ஏறி, ஒவ்வொரு கதவையும் தட்டிச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டாம் மாடிக்காரி, “உனக்கு மனசே கிடையாதா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் ஒரு கப் அளந்து, விளிம்புக்கு மேல் இருந்ததை விரலால் வழித்துவிட்டுத் தட்டில் கொட்டினாள். முக்கால் நிமிடம். ஊசி காலித் தட்டை நக்கிப் பளபளப்பாக்கியது. அவளைப் பார்த்தது. பிறகு மூக்கால் தட்டைத் தள்ளிக்கொண்டே வந்து அவள் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தியது.

“அக்கா,” என்றான் தம்பி, கையில் அவனுக்காக வேகவைத்த முட்டை. “ஒரே ஒரு பாதி. யாருக்குத் தெரியப்போகுது?”

“தள்ளி வை.”

“அது பார்க்கற பார்வையைப் பாரு...”

“நான் பார்க்கலையா? வெளியில போய்ச் சாப்பிடு.”

அவன் முட்டையோடு வாசலுக்குப் போனான். நாய் கதவு வரை அவன் பின்னால் போய், மூடிய கதவை மோந்துவிட்டுத் திரும்பி வந்து, மறுபடி தட்டை இடித்தது. அவள் குனிந்து தட்டை எடுத்தாள். வால் ஆடத் தொடங்கியது. கழுவி, அலமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள். ஆடிக்கொண்டிருந்த வால் நிற்பதைப் பார்க்காமலிருக்க மெஷினுக்கு நூல் கோக்க உட்கார்ந்தாள். மூன்று தடவை முயன்றும் நூல் காதில் நுழையவில்லை.