அவித்த மா

மனைவி புஷ்பராணி கோடையில் கண்மூடிய பிறகு, குரோருட்டில் உள்ள வீட்டுக் குசினியில் சிவபாதம் அன்றுதான் அடுப்பை ஒழுங்காகப் பற்றவைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்து அப்பிள்களை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். வேலையிடத்து அயர்லாந்துக்காரி மோரா அப்பிள் கேக் செய்யும் விதத்தைச் சொல்லியிருந்தாள். மாவில் பட்டரை விரலால் உதிர்த்துப் பிசைந்து, நடுவில் அப்பிளை அடுக்கி, மேலே சீனி தூவிச் சுட வேண்டும்.

தகரப் பேணியில் இருந்த மாவை முழுவதும் கொட்டி, அப்படியே செய்தார். வீடெல்லாம் கறுவா மணந்தது. கத்தி பட்டதும் கேக் பொலபொலவென்று உதிர்ந்தது. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்தவாங்கரில் இருக்கும் மகள் நிலானிக்குப் போன் எடுத்து, "அந்த மனுசிக்கு வாய் மட்டும்தான்!" என்று மோராவைத் திட்டித் தீர்த்தார்.

"எந்த மா போட்டனீங்கள் அப்பா?"

"பேணிக்கை கிடந்த மாதான்."



"அது அம்மா புட்டுக்கெண்டு அவிச்சு அரிச்சு வைச்ச மா அப்பா. அவிச்ச மாவிலை கேக் சேராது. அந்த மா மிச்சம் கிடக்கோ?"

"இல்லைப் பிள்ளை."

போனை வைத்தார். குப்பைவாளிக்குக் கொண்டுபோன தட்டைத் திரும்ப மேசையில் வைத்து, கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். விரல்களால் அள்ளி, ஒரு துகளும் சிந்தாமல் தின்றார்.

புஷ்பராணி அவித்த புட்டு ஒவ்வொன்றிலும் குறை பிடித்தவர் அவர்.

"நல்ல உதிரியாய் வந்திருக்கு," என்றார், யாருமில்லாத குசினியில்.