லிங்கப்பன் சொன்ன பெயர்கள்

“எங்கண்ணன் பேரையும் சொன்னீங்களா?” என்று கெம்பம்மா கேட்டாள்.

“சொன்னேன் புள்ள” என்றார் அவள் கணவர் லிங்கப்பன்.

அதற்குமேல் அவர்கள் அதைப் பேசவில்லை. அவர் யார் யார் பெயரைச் சொன்னாரோ அவர்களெல்லாம் காணாமல் போனார்கள், ஊருக்கே தெரியும். கோபிநத்தம் பக்கத்துக் காட்டில் சண்டை நடந்த வருஷங்களில் ஒரு படை வந்து ஊருக்குள் முகாம் போட்டது. ஊர்க்காரர்கள் தமிழில் “இல்லே” என்றால், படைக்காரர்களின் கன்னடக் காதில் “இங்கேயேதான்” என்று விழும். வாயைத் திறந்தவர்கள் எல்லோரும் அடிபட்டார்கள். இரண்டு பாஷையும் தெரிந்த லிங்கப்பன் தானாகவே போய் முகாமில் சேர்ந்தார். தேடப்படும் ஆளின் பெயரைச் சொல்வார். விடிந்தால் அந்த ஆள் இருக்கமாட்டார். காட்டுக்குள் ஓடிவிட்டான் என்றது படை. படை கொன்றுவிட்டது என்றது ஊர். கெம்பம்மாவின் அண்ணன் குப்புசாமியும் அப்படித்தான் போனார். லிங்கப்பன் போகிற வழியெல்லாம் ஊர் காறித் துப்பியது.

மைசூர் விஜயநகருக்குக் குடிவந்த பிறகும் கெம்பம்மா அவருக்குச் சோறு போட்டாளே தவிர முகம் பார்க்கவில்லை. எவ்வளவு வடித்தாலும் பானையில் சோறு மிஞ்சாது. வாசல் கதவைத் திறந்தால் நாலைந்து பேர் நுழைகிற நேரம் அவர் அதைப் பிடித்துக்கொண்டே நிற்பார். கிறுக்கு என்று விட்டுவிட்டாள்.

போன ஆடியில், மோர் குடித்த டம்ளரின் விளிம்பில் கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்று முடிச்சுப் போட்டு இருந்தது. அப்படி முடிச்சுப் போடுகிறவர் குப்புசாமி ஒருவர்தான். பானையும் கதவும் அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டன. பெயரைச் சொல்லிப் படையின் கண்ணிலிருந்து அவர் மறைத்தவர்கள், அவர் கண்ணுக்கும் தங்களுக்குள்ளேயும் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்தார்கள்.

“ஊர ஏமாத்துனீங்க, சரி. என்னையுமா? பக்கத்துலயே உக்கார வெச்சுக்கிட்டு, வருசாவருசம் எங்கண்ணனுக்குத் தெவசம் கும்பிட உட்டீங்களே!”

“முகாம் இருந்தப்ப சொல்லியிருந்தா நீ அழுவாம இருந்திருப்பியா? அழுவாத வீட்டத்தான் அவங்க மொதல்ல தேடுவாங்க.”

“முகாம் போயி எத்தன காலமாச்சு?”

“மச்சான்தான் வேண்டான்னாரு. தெவசத்துக்கு நீ சுடற வடைய உட மனசில்லையாமா.”

அவள் சிரிக்கவில்லை. ஆளில்லாத நாற்காலி ஒன்று மெல்ல நகர்ந்து அவளுக்கு இடம்விட்டது. கல்யாணமான நாளிலிருந்து “புள்ள” என்பதைத் தவிர அவர் அவளை வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. முதலில் அது ஊர் வழக்கம். பிறகு பயம் என்று இப்போது புரிந்தது. ஒரே ஒரு தடவை கேட்கவேண்டும் என்று புதுப்பெண்ணாக இருந்தபோதே ஆசைப்பட்டு, வெட்கத்தில் விழுங்கியது அது.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“எம்பேரச் சொல்லிக் கூப்புடுங்க.”